கொளஞ்சியம்மாளின் கையெழுத்து

தா.பழூருக்குப் பக்கத்தில் நடவுக்குப் போகும் அந்தப் பெண்களில் கைநாட்டு வைக்காதவள் கொளஞ்சியம்மாள் ஒருத்திதான். மகளிர் குழு ஆரம்பித்த வருஷம், யாரோ எழுதிக் கொடுத்த தன் பெயரை ஒரு மாதம் பார்த்துப் பார்த்துப் போட்டுப் பழகினாள். அதற்கு மேல் ஒரு எழுத்தும் தெரியாது. புருஷன் தர்மராஜைத் தவிர இது யாருக்கும் தெரியாது. படித்தவள் என்றே எல்லோரும் நினைத்தார்கள். அவளும் மறுக்கவில்லை.

ஒரு வருஷம் ஆடியில் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் இருக்கிறதா என்று பெண்களுக்குச் சோதனை செய்தார்கள். கூட நடவு நடும் ஜெயசித்ராவோடு அவளும் போனாள். பத்து நாள் கழித்து முடிவு வாங்கப் போனபோது ஒரே கூட்டம். நர்ஸ் புவனேஸ்வரி நோட்டில் அவள் போட்ட கையெழுத்தைப் பார்த்துவிட்டு முடிவுச் சீட்டைக் கொடுத்தாள்.

"படிக்கத் தெரிஞ்சவங்கதானே? எல்லாம் இதுல எழுதியிருக்கு. அதுபடி செஞ்சிடுங்க."

கொளஞ்சியம்மாள் தலையாட்டினாள்.

வெளியே வந்ததும் ஜெயசித்ரா தன் சீட்டை நீட்டினாள். "எனக்கு என்னன்னு போட்டிருக்கு, பாரேன்க்கா."

அந்த நேரத்தில் தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை. சீட்டைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "ஒண்ணும் இல்லன்னுதான் போட்டிருக்கு" என்றாள்.

தன் சீட்டைத் துணிப்பெட்டியில் புடவைக்கு அடியில் வைத்தாள். அந்த இடத்தைப் பற்றிய தாளைப் புருஷனிடம் எப்படிக் காட்டுவது? பெங்களூரில் வேலை பார்க்கும் மகன் அறிவரசன் தீபாவளிக்கு வந்தபோதும் எடுக்கவில்லை. பெரிதாக ஏதாவது இருந்தால் வீடு தேடி வந்து சொல்ல மாட்டார்களா என்று இருந்துவிட்டாள். அங்கே அவள் கொடுத்திருந்த போன் நம்பர் தன் பழைய நம்பர் என்பது அவளுக்குத் தோன்றவே இல்லை.

பதினான்கு மாதம் போயிற்று. நடவு வயலில் குனிந்திருந்தவளுக்கு ரத்தம் கொட்டியது. மாதவிலக்கு நின்று இரண்டு வருஷம் ஆகியிருந்தது. தர்மராஜ் அவளை அரியலூருக்குக் கூட்டிப் போனார். முன்னால் ஏதாவது சோதனை எடுத்தீர்களா என்று டாக்டரம்மா கேட்டபோது, மடியிலிருந்து சீட்டை எடுத்துக் கொடுத்தாள்.

"ஒரு மாசத்துக்குள்ள வரச் சொல்லி இதுல எழுதியிருக்கும்மா. ஏன் வரல?"

தர்மராஜ் சீட்டை வாங்கி இரண்டு தடவை படித்தார்.

"எங்கிட்ட காட்டியிருக்கலாமில்ல, கொளஞ்சி?"

"எப்பிடிங்க காட்டுவேன்."

கட்டி பரவியிருந்தது. ஆபரேஷனுக்கு வழியில்லை என்று தஞ்சாவூருக்குக் கதிர்வீச்சுக் கரண்டு வைக்க அனுப்பினார்கள். போகும்போது பஸ்ஸில் அவள் தன் வலியைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. "ஜெயசித்ரா சீட்டுல என்ன இருக்குன்னு எனக்குத் தெரியாதுங்க. பொய் சொல்லிட்டேன். நீங்க போய்ப் பாருங்க" என்றாள்.

ஊருக்குத் திரும்பிய அன்றே தர்மராஜ் போனார். ஜெயசித்ரா அரிசிப் பானைக்குள்ளிருந்து சீட்டைத் தேடி எடுத்தாள். உண்மையாகவே அதில் ஒன்றும் இல்லை. மூன்று வருஷம் கழித்து வரச் சொல்லியிருந்தது.

"இல்லாம போச்சு, சரிண்ணே. இருந்திருந்தா? எனக்கு ரெண்டு பொட்டப் புள்ளைங்க" என்றாள் ஜெயசித்ரா. அதற்குப் பிறகு அவள் அந்த வீட்டுப் பக்கம் வரவில்லை.

சீட்டில் ஒன்றும் இல்லை என்று தர்மராஜ் வந்து சொன்னபோது கொளஞ்சியம்மாள் வெகுநேரம் அழுதாள். ஜெயசித்ரா சொன்ன மற்றதை அவர் சொல்லவில்லை. ஆனாலும் அவளுக்குத் தெரிந்திருந்தது.

மாசி கடைசியில், வைத்தியம் கேட்காமல் கொளஞ்சியம்மாள் கஞ்சியும் இறங்காமல் கிடந்தபோது ஜெயசித்ரா வந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து, சிக்கு விழுந்து கிடந்த முடியை எண்ணெய் வைத்துச் சீவிவிட்டாள்.

"கோவமா இருக்கியா?" என்று கேட்டாள் கொளஞ்சியம்மாள்.

"இருக்குக்கா" என்றாள் ஜெயசித்ரா. சீவுவதை நிறுத்தவில்லை.

பங்குனி பிறந்த நாலாம் நாள் காலையில் கொளஞ்சியம்மாள் போய்ச் சேர்ந்தாள். நாற்பத்தொன்பது வயது.