ஏழாம் நம்பர் மகாலட்சுமி

என்னிடம் பதினோரு கார்டுகள் இருக்கின்றன. பன்னிரண்டு இருக்க வேண்டும். என் சின்ன வயதில் மதராஸிலிருந்து வந்துகொண்டிருந்த ஒரு சினிமாப் பத்திரிகை, மாதம் ஒன்றாக ஒரு வருடம் முழுக்க இலவச இணைப்பாகக் கொடுத்த போட்டோ கார்டுகள் அவை. முன்பக்கம் வழவழவென்று ஒரு நடிகர் அல்லது நடிகை. பின்பக்கம் விலாசம் எழுதக் கோடுகள், மூலையில் நம்பர். ஓய்வு பெற்ற பிறகு சித்தூரில் இருந்துகொண்டே அங்கங்கே தேடிச் சேர்த்தேன். ஏழாம் நம்பர் மட்டும் அகப்படவில்லை. அதில் யார் படம் என்றுகூடத் தெரியாது. ஆல்பத்தைத் திறந்தால் அந்தக் காலியிடம்தான் முதலில் கண்ணில் படும். அப்புறம் சாப்பாடு இறங்காது.

போன மாதம் திருப்பதியில் ஒரு பழைய புத்தகக் கடைக்காரரிடம் கேட்டேன். சிரித்தார்.

"ஏழாம் நம்பரா சார்? மகாலட்சுமி வேஷத்துல ஒரு நடிகை. எப்படிக் கெடைக்கும்? வாங்கினவங்க எல்லாம் ஃபிரேம் போட்டு பூஜையில மாட்டிட்டாங்க."

அட்டைத் தாமரை மேல் நிற்பாளா என்று கேட்டேன். ஆமாம் என்றார்.

புத்தலப்பட்டில் அக்கா வீட்டுப் பூஜை அலமாரியில் இருக்கும் படம்! போகும்போதெல்லாம் நானும் கும்பிட்டிருக்கிறேன். திரும்பும் பஸ்ஸில் அங்கேயே இறங்கிவிட்டேன்.

"அது சாமி இல்லக்கா, நடிகை. மணிக்கட்டப் பாரு, வாட்ச் கட்டின தடம்."

"ஏமிரா, எனக்குத் தெரியாதா? நைனா வாங்கியாந்த புஸ்தகத்துல இருந்து எடுத்தவளே நான்தான்."

"தெரிஞ்சிக்கினே கும்புட்டுக்கினு இருக்கியா?"

"மத்த படத்துல இருக்கிற சாமிங்கள எல்லாம் யாரு மொகத்தப் பாத்து வரைஞ்சாங்களாம்? எல்லாத்தையும் எண்றவனாச்சே, அத எண்ணிச் சொல்லு."

பின்பக்கத்தையாவது பார்த்துவிடுகிறேன் என்று கெஞ்சினேன். விளக்கைத் தள்ளி வைத்து ஃபிரேமை இறக்கிக் கொடுத்தாள். குட்டி ஆணிகளை நெம்பிக் கார்டை எடுத்தேன். மூலையில் ஏழு.

"வேணும்னா எடுத்துக்கினு போ," என்றாள் அக்கா. "ஆனா தெனமும் வெளக்கு வெக்கணும். பொட்டியில போட்டு அந்துருண்டை வெக்கக் கூடாது."

ஆல்பத்துக்கு யாராவது விளக்கு வைப்பார்களா? பிளாஸ்டிக் உறையில் மற்ற பதினோரு பேரோடு செருகினால் அவள் நடிகை. இங்கே மாட்டினால் மகாலட்சுமி. கார்டு ஒன்றுதான். அப்படியானால் இத்தனை வருடமாக நான் கும்பிட்டது யாரை? யோசிக்க யோசிக்கக் குழம்பியது. கடைசியில் நானே அதைத் திரும்ப ஃபிரேமில் போட்டேன். இறக்கின சாமியைச் சும்மா மாட்டக் கூடாது என்று அக்கா என்னைத் தேங்காய் உடைக்க வைத்தாள்.

இப்போது எத்தனை கார்டு என்று யாராவது கேட்டால் பதினொன்று என்கிறேன். உடனே பன்னிரண்டு என்று திருத்துகிறேன். சாயங்காலமானால் அக்காவுக்கு போன் செய்கிறேன்.

"வெளக்கு வெச்சியா?"

"வெச்சேன்."

"கொஞ்சம் தள்ளி வையிக்கா. சூடு தாங்காது."

"சாமிக்கு வேர்க்கும்னு போன் பண்றவன் ஊருலகத்துல நீ ஒருத்தன்தாண்டா."

போனை வைத்ததும் கன்னத்தில் போட்டுக்கொள்கிறேன். எதற்கென்று எனக்கே தெரியவில்லை.