மச்சாளின் எரிமலை

என் வீட்டுக்காரருடைய மாமன் மகள் ஒரு கலியாணத்துக்காக ஜெர்மனியில் இருந்து லண்டன் வந்து, செவன் கிங்ஸில் எங்கள் ஃபிளாட்டில் ஒரு கிழமை நின்றாள். ஊரில் அவருக்கென்று முதலில் பேசி வைத்திருந்த மச்சாள். அவள் வெளிநாடு போனதால்தான் அவர் எனக்குப் புருஷன் ஆனார். இதை யாரும் மறைக்கவில்லை. ஆனாலும் வந்த அன்றே அவள் வாய் நிறைய "அத்தான், அத்தான்" என்றது எனக்குப் பொறுக்கவில்லை. கட்டிய நாளில் இருந்து வெட்கத்தில் நான் "இஞ்சாருங்கோ" என்பதோடு சரி.

தேநீர் கொண்டு போனபோது இரண்டு தலைகளும் அவளுடைய போனுக்குள் குனிந்திருந்தன. அவள் வீட்டுக்குப் பின்னால் உள்ள மலை முந்தி எரிமலையாம். அது அணைந்த பிறகு குழியில் தண்ணீர் நின்று ஏரியாகி, அதுவும் வற்றி, இப்போது புல்வெளியாம். பாதுகாக்கப்பட்ட இடமாம், ஒரு பூவைக்கூடப் பறிக்க விடமாட்டார்களாம். அந்தக் காலத்தில் ஏரிச் சேற்றில் விழுந்த இலை, பூச்சி எல்லாம் கல்லுக்குள் அப்படியே கிடக்கின்றனவாம்.

"இஞ்சை பாருங்கோ அத்தான், தேனீ. செட்டை கூடக் கலையேல்லை."

"அட! நேற்றுச் செத்தது மாதிரியெல்லே கிடக்கு."

அவரிடம் அந்தக் குரலை நான் கேட்டதில்லை. முந்தின நாள்தான் அந்தக் கலியாணத்துக்குப் புதுச் சேலை கட்டி அவர் முன்னால் வந்து நின்றேன். பேப்பரை விட்டுத் தலை நிமிர்த்தாத மனுஷன். செத்த தேனீக்கு இவ்வளவு!

"வாற கோடைக்கு வாங்கோ. மேலை ஏறினால் குழி முழுக்கத் தெரியும்."

"ஓம், வரத்தான் வேணும்."

"அக்காவுக்கு ஏற ஏலாது, என்ன? முழங்கால், பாவம்."

"அவ வீட்டிலை நிக்கட்டும்," என்றார் அவர், என்னைப் பாராமலே.

எனக்காக இரண்டு பேரும் பேசி முடித்துவிட்டார்கள். நான் வெறும் தட்டோடு குசினிக்குப் போனேன்.

அவள் போன மறுநாளில் இருந்து லிஃப்டை விட்டேன். கடைக்குப் போய் வந்தால் படிதான். ஒரு நாள் பால் போத்தலோடு நடுப்படியில் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றபோது அவர் மேலிருந்து எட்டிப் பார்த்தார்.

"லிஃப்ட் வேலை செய்யுதெல்லே. உமக்கென்ன விசரே?"

"மலை ஏறப் பழகிறன்."

"எந்த மலை?"

"உங்கடை மச்சாளின்ரை மலை."

சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "நான் ஒரு டிக்கெட்தானே போட்டனான்," என்றார்.

கோடைக்கு இன்னும் எவ்வளவோ கிடந்தது. அதற்குள் போட்டுவிட்டார்!

"அப்ப மற்றதையும் போடுங்கோ," என்றேன். என் குரல்தானா என்று எனக்கே ஐயம்.

அன்று பின்னேரமே மகனைக் கொண்டு போடுவித்தார். பக்கத்துச் சீட் முடிந்துவிட்டதாம். எனக்கு ஒரு வரிசை பின்னால்தானாம். பரவாயில்லையா என்று கேட்டார்.

"நல்லது," என்றேன். பின்னால் இருந்தால் அவர் போனைத் திறந்து யாருடைய படம் பார்க்கிறார் என்று தெரியும்.