ஜலஜா பிடித்து நிறுத்திய கதவு

1993இல் அமெரிக்காவில், டெக்சாஸின் ரிச்சர்ட்சனில் ஒரு கார் வடிவமைப்பு நிறுவனத்தில் சேர்ந்தபோது, அங்கே இன்னொரு தமிழரும் இருக்கிறார் என்று கேட்டு ஜலஜா சந்தோஷப்பட்டாள். அந்தச் சந்தோஷம் ஒரு வாரம்கூட நிலைக்கவில்லை.

அவர் பெயர் சேனாபதி, பொள்ளாச்சிக்காரர். அறுபதுகளில் பேர்பெற்ற ஒரு சொகுசு கூப்பே காரைப் புதிதாக வடிவமைக்கும் குழுவுக்கு அவர்தான் தலைவர். நீண்ட முகப்பு, தாழ்ந்த கூரை, பக்கத்துக்கு ஒரே கதவு. அந்தக் கதவின் நீளத்தில்தான் காரின் அழகே இருக்கிறது என்பார். திறந்த கதவு தானாக மூடிக்கொள்ளாமல் பிடித்து நிறுத்தும் இரும்புப் பட்டை ஜலஜாவின் பொறுப்பு.

"டோர் ரொம்ப வெயிட் சார். ஸ்லோப்ல பார்க் பண்ணா தானா வந்து மூடிக்கும். ஸ்டாப்பரை இன்னும் ஸ்ட்ராங்கா டிசைன் பண்ணணும்."

"லாரிக் கதவாட்டம் கடகடன்னு இருக்கோணுமாக்கும்? விரல் பட்டா நகரோணுங்க. லக்ஸுரின்னா என்னன்னு உங்களுக்கு எங்க புரியப்போகுது!"

இதையே மீட்டிங்கில் ஆங்கிலத்தில் சொல்லி எல்லோரையும் சிரிக்க வைத்தார். ஜலஜா சிரிக்கவில்லை. அதன்பிறகு அவர் இருக்கும் அறையில் அவள் காப்பிகூடக் குடிப்பதில்லை.

மாதிரிக் காரைப் பார்க்க டெட்ராய்ட்டிலிருந்து மேலதிகாரிகள் வந்தார்கள். பின்சீட்டில் ஏறி இறங்குவது எவ்வளவு சுலபம் என்று காட்ட, சேனாபதி தன் மனைவி வசந்தாமணியைப் பட்டுப்புடவையில் அழைத்து வந்திருந்தார். வாசல் சரிவில், முகப்பு மேட்டைப் பார்த்தபடி கார் நின்றது. வசந்தாமணி ஏறினார், கைதட்டினார்கள். இறங்கும்போது ஒரு கால்தான் தரையில் இருந்தது. கதவு முழுக் கனத்தோடு திரும்பி வந்து அந்தக் காலில் மோதியது. எலும்பு முறிந்த சத்தம் எல்லோருக்கும் கேட்டது.

ஜலஜா ஓடிப்போய்க் கதவைப் பிடித்துக்கொண்டாள்.

"பாத்து எறங்கறதில்லையா?" என்று மனைவியிடம் சீறினார் சேனாபதி.

"கதவு சரியில்லைன்னு இந்தப் புள்ள சொல்லுச்சுன்னு ஊட்டுக்கு வந்து சொல்லிச் சொல்லிச் சிரிச்சது நீங்கதானுங்களே!" என்று அலறினார் வசந்தாமணி.

என்ன சொல்கிறார் என்று அதிகாரி ஒருவர் பதறிப்போய்க் கேட்டார். பயப்பட ஒன்றுமில்லை என்கிறாள் என்றார் சேனாபதி. ஜலஜா கதவை விடாமல் நின்றபடியே, வசந்தாமணி சொன்னதை ஒரு வார்த்தை குறையாமல் ஆங்கிலத்தில் சொன்னாள்.

ஸ்டாப்பர் மாறியது. தலைவர் மாறவில்லை. ஜலஜாவை வேறொரு வண்டியின் ஆஷ்ட்ரே மூடிக்கு மாற்றிவிட்டார்கள். அவள் வேலையை விட்டாள். கூப்பே வெளிவந்தபோது, அசையாமல் நிற்கும் அந்தக் கதவு தன் யோசனை என்று சேனாபதி பேட்டி கொடுத்தார். நான்கு வருஷத்தில் அந்த வண்டியின் விற்பனை படுத்தது. நிறுவனத்தையும் மூடினார்கள்.

2000இல் அவர் ஒரு டெலிகாம் கம்பெனிக்கு இன்டர்வியூ வந்தார். மேஜைக்கு எதிர்ப்பக்கம் ஜலஜா உட்கார்ந்திருந்தாள்.

"நல்லா இருக்கீங்களாம்மா?" என்றார்.

அவள் ஆங்கிலத்திலேயே கேள்விகளைக் கேட்டு முடித்தாள். வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தாள். அதற்காக அவள் ஒருநாளும் வருத்தப்பட்டதில்லை.