ரம்பமும் ஒரு பொட்டுச் சந்தனமும்

போன வருஷம் ஆயுத பூஜைக்கு மறுநாள் காலை, சேரப்பணஞ்சேரியில் எங்கள் வீட்டை ஒட்டிய தகரக் கொட்டகையில் நடந்தது இது.

டிப்ளமோ முடித்து ஒரகடம் தொழிற்பேட்டையில் வேலை பார்க்கிறேன். ஷிப்ட் முடிந்தால் மரவேலைதான் எனக்கு உலகம். கம்பெனிகள் கழித்துப்போடும் பெட்டிப் பலகைகளை வாங்கி வந்து அறுக்க, நானே ஒரு மேசை ரம்பம் செய்திருந்தேன். அதில் என் பெருமையே ஃபென்ஸ்தான். பலகை சாய்ந்துகொண்டு நேராக நகர்வதற்கான நீண்ட அலுமினியச் சட்டம் அது. முன்பக்கக் கம்பியில் வழுக்கி வந்து, கைப்பிடியை அழுத்தியதும் பிளேடுக்கு இணையாக டக்கென்று பூட்டிக்கொள்ளும். வேலை இல்லாதபோதும் பூட்டிப் பூட்டிப் பார்ப்பேன்.

அன்றுதான் முதல் ஆர்டர். அக்கா வேலை செய்யும் செல்போன் கம்பெனியில், அவள் லைனில் இருக்கும் பெண்களின் ஹாஸ்டலுக்குச் செருப்பு ஸ்டாண்ட். பிடித்துக் கொடுத்தவளே அக்காதான் என்பதால், எனக்குப் பின்னால், பலகைக்கு நேராக நின்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ரம்பத்தை ஓடவிட்டுப் பலகையைத் தள்ளினேன். மேசை ஓரத்தில் இருந்த பூஜை எலுமிச்சம்பழம் அதிர்வில் உருண்டு விழுந்தது. "பழம் வுழுந்துடுச்சு பாரு" என்று அக்கா அதை எடுக்க நகர்ந்தாள். அந்த நொடியில் பலகை எகிறி, அவள் நின்ற இடத்தைக் கடந்து, தகரக் கதவைக் கிழித்துக்கொண்டு வெளியே போய் விழுந்தது.

ரம்பத்தை நிறுத்தினேன். கதவில் இருந்த ஓட்டை சரியாக அக்காவின் வயிற்று உயரத்தில் இருந்தது.

அவள் ஓட்டையைப் பார்த்தாள், அப்புறம் என்னை. "இன்னாடா, நீ மட்டும் ஓரமா நின்னுகினு என்னை நடுவுல நிக்க வுட்டுக்கீற?"

உண்மைதான். பலகை எகிறினால் எந்தப் பக்கம் வரும் என்று வீடியோக்களில் பார்த்து, நான் பழக்கத்தில் விலகித்தான் நின்றிருந்தேன்.

அளந்து பார்த்தால் சட்டத்தின் பின்முனை பிளேடுப் பக்கம் லேசாகச் சாய்ந்திருந்தது. பலகை இடையில் இறுகி, பிளேடின் பின்பற்கள் அதைத் தூக்கி எறிந்திருக்கின்றன. காரணம், பூட்டும் இடத்தில் முந்தின நாள் பூஜையில் நான் ஆசையாக வைத்த சந்தனம். காய்ந்து கல்லாகியிருந்தது.

பழம்தான் காப்பாற்றியது என்று அம்மா அக்காவை அன்று மாலையே வல்லக்கோட்டை முருகன் கோயிலுக்கு அழைத்துப் போனாள். நான் ஃபென்ஸைப் பிரித்துப் போட்டேன். இப்போது அதற்கு இரண்டு முனையிலும் பூட்டு உண்டு. அறுத்த பிளவு மூடிக்கொள்ளாமல் இருக்க, பிளேடுக்குப் பின்னால் ஒரு தகடும் நிற்கிறது. அருமையாக ஓடுகிறது. இந்த வருஷம் சந்தனம் மோட்டார் பெட்டிக்கு மட்டும்தான்.

பலகை எகிறினால் பாயும் இடத்தைச் சுற்றித் தரையில் மஞ்சள் கோடு போட்டது அக்கா, அவள் லைனில் இருப்பது போலவே. ஸ்விட்சைத் தொடும் முன் சட்டத்தின் இரண்டு முனையையும் அளக்கிறேன். ஆனால் அதற்கும் முன்னால் திரும்பி, அந்தக் கோட்டுக்குள் யார் நிற்கிறார்கள் என்று பார்ப்பதுதான் அன்று எனக்குள் புதிதாகப் பொருந்திய பாகம்.