பரந்தாமன் போனுக்கு வந்த ஓடிபி

ஆவடி ஸ்டேஷன் பக்கத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். ஆன்லைன் விண்ணப்பமும் போட்டுத் தருவேன். பெண் பிள்ளைகள் வந்தால் மொபைல் நம்பர் என்ற இடத்தில் அப்பா நம்பரைத்தான் அடிப்பேன். பெண்ணின் நம்பர் கண்டவன் கைக்கும் போகக் கூடாதென்று நானாக வைத்த சட்டம். இதுவரை எந்தப் பெண்ணும் ஏனென்று கேட்டதில்லை. கலைவாணிக்கும் அப்படித்தான் அடித்துத் தொலைத்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

கலைவாணி பாலிடெக்னிக்கில் கம்ப்யூட்டர் டிப்ளமோ படித்தவள். சீக்கிரம் வேலைக்குப் போகலாமென்று பத்தாவது முடித்ததும் அதில் சேர்ந்தாள். இரண்டாம் வருஷம் அவள் அம்மா முனியம்மா மஞ்சள் காமாலையில் போய்விட்டாள். வேறு யாராக இருந்தாலும் மூலையில் உட்கார்ந்திருப்பார்கள். இவள் காரியம் முடிந்த மறுவாரமே ரெக்கார்டு நோட்டைத் தூக்கிக்கொண்டு கிளம்பினாள். வீட்டில் கம்ப்யூட்டர் கிடையாது. புரோகிராமைத் தாளில் எழுதிக்கொண்டு சனிக்கிழமை என் கடைக்கு வந்து ஓட்டிப் பார்ப்பாள். தப்பு வந்தால் ஸ்கிரீனை முறைப்பாள்.

"நீ மொறச்சா அது பயந்துடுமா?" என்பேன்.

"பயப்படும்க்கா, பாருங்க," என்பாள். ஒரு அரியர்கூட இல்லாமல் முடித்தாள்.

டிப்ளமோ முடித்தவர்கள் இன்ஜினியரிங்கில் நேராக இரண்டாம் வருஷம் சேரலாம். வேண்டிய கல்லூரிகளை வரிசையாக வைத்து, கடைசி நாள் மாலை ஐந்து மணிக்குள் லாக் செய்து உறுதிப்படுத்த வேண்டும். விட்டால் ஒரு வருஷம் போச்சு.

கடைசி நாள் மூன்று மணிக்கு வந்தாள். முதல் இடத்தில் கோயம்புத்தூர் கல்லூரியை வைத்தாள்.

"உங்கப்பா ஊட்லேந்தே போய் வர்ற மாதிரி பூந்தமல்லி காலேஜ்தான சொன்னாரு?"

"கோயமுத்தூர்ல கம்ப்யூட்டர் சயின்ஸே கெடைக்கும்க்கா. பூந்தமல்லில என் மார்க்குக்கு வேற குரூப்புதான். சீட்டு வந்தப்புறம் அப்பாகிட்ட சொல்லிக்கிறேன்." என் முகத்தைப் பார்க்காமலே சொன்னாள்.

லாக் பட்டனை அழுத்தினேன். லாக் ஆக அடிக்க வேண்டிய ஓடிபி பரந்தாமன் போனுக்குப் போய்விட்டது. அவர், அதாவது அவள் அப்பா, ராணுவ வண்டி செய்யும் தொழிற்சாலையில் கான்ட்ராக்ட் ஆள். உள்ளே போன் கொண்டு போக விடமாட்டார்கள். வாசலுக்கு எதிரே பெட்டிக்கடையில் அணைத்துக் கொடுத்துவிட்டுப் போவார். வெளியே வர ஆறு மணியாகும்.

ஐயோ என்று கடையை இழுத்து மூடி, அவளை ஸ்கூட்டியில் ஏற்றிக்கொண்டு பறந்தேன். ஆள் வராமல் போனைத் தர முடியாதென்றார் பெட்டிக்கடைக்காரர். நியாயம்தான், ஆனாலும் அவரை நன்றாகத் திட்டினேன். பிறகு வாசல் காவலரிடம் கெஞ்சி உள்ளே சொல்லி அனுப்பினோம்.

நாலே முக்காலுக்குப் பரந்தாமன் ஓடி வந்தார். இதற்கு முன் அவரை இப்படி வாசலுக்குக் கூப்பிட்டது முனியம்மா செத்த அன்றுதான்.

"இன்னா ஆச்சு கண்ணு? உடம்புக்கு இன்னா?" என்று மகளின் கையைப் பிடித்துப் பார்த்தார்.

விஷயத்தைச் சொன்னோம். அப்பாடா என்று போனை வாங்கி ஆன் செய்தார். நான் என் போனில் மறுபடி லாக் அழுத்தி, ஓடிபி அடிக்கச் சொல்லி அதைக் கலைவாணி கையில் கொடுத்தேன்.

"வந்துட்ச்சு," என்றார். "எந்தக் காலேஜ் மொதல்ல போட்டுக்கீற?"

பூந்தமல்லி என்று சொல்லித் தொலையேன்டி என்று மனசுக்குள் கத்தினேன். பத்து நிமிஷம்தான் இருந்தது.

"கோயமுத்தூருப்பா."

"அங்கயே தங்கணுமா?"

"ஆமாப்பா. ஹாஸ்டல்."

பரந்தாமன் போனை மார்போடு வைத்துக்கொண்டு நின்றார். எனக்குப் பொறுக்கவில்லை. "அண்ணே, டைம் ஆவுதுண்ணே!"

"இரு தங்கச்சி." மகளைப் பார்த்தார். "ஊட்ல கீறதே நாம ரெண்டு பேரு. காலைல எழுந்து நான் யாருக்கும்மா டிபன் கட்டுவேன்?"

குரல் உடைந்துவிட்டது. காவலர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். எனக்கும் அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"மாத்திடறேம்ப்பா," என்றாள் கலைவாணி. "பூந்தமல்லியே மொதல்ல போட்டுடறேன்."

"ஏய், மாத்தாத. படிக்கத்தான போற? அடி, சொல்றேன்." கண்ணைத் துடைத்துக்கொண்டு போனை எட்டப் பிடித்துப் படித்தார். "நாலு. ஒம்போது. ரெண்டு. ரெண்டு. ஏழு."

கடைசி எண் மட்டும் அவர் வாயிலிருந்து வரவில்லை. போனை மகளின் முகத்துக்கு நேராகத் திருப்பிப் பிடித்தார். அவளே பார்த்து அடித்தாள்.