பிழையில்லாத விரல்கள்

வெள்ளக்கடை ஊர் ஆன்மேரிக்கு மனிதர்கள் இரண்டே வகை: கீபோர்டைப் பார்க்காமல் அடிப்பவர்கள், பார்த்து அடிப்பவர்கள். இரண்டாம் வகையினரை அவள் மனிதக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. ஏற்காட்டுக் காபி எஸ்டேட் ஒன்றின் ஆபீஸில் அவள் வெகுகாலமாக டைப்பிஸ்ட். சேலத்துக்கு பஸ்ஸில் இறங்கிப் போய் டைப்ரைட்டிங் ஹையர் படித்து முதல் வகுப்பில் தேறியவள். அடிக்கும்போது அர்த்தம் பார்க்கக் கூடாது, பார்த்தால் கை தடுமாறும் என்பது அங்கே கற்ற பாடம். ஞாயிற்றுக்கிழமைப் பூசையைவிட ஒழுங்காக அதைக் கடைப்பிடித்தாள். தன் போனஸைக் குறைக்கிற சர்க்குலரைக்கூட ஒரு பிழையில்லாமல் அடித்துக் கொடுத்துவிட்டு, மறுநாள் நோட்டீஸ் போர்டில் பார்த்துத்தான் பதறினாள்.

போன வருடம் புது மேனேஜர் வந்தார். பறித்த காபிப் பழத்தின் எடைக் கணக்கெல்லாம் கம்ப்யூட்டர் புரோகிராமுக்குப் போனது. அந்தப் புரோகிராமை அவ்வப்போது மாற்றி எழுத ஆபீஸில் ஒரு ஆள் போதும், இன்னொருவர் காபி காயவைக்கும் களத்துக்குப் போய் மூட்டைகளைப் பார்த்துக்கொள்ளட்டும் என்றார். இருந்ததே இரண்டு பேர்: ஆன்மேரியும், கொட்டச்சேட்டிலிருந்து வரும் வெங்கடேஷும். புரோகிராம் என்றால் கிலோ என்ன விலை என்று கேட்கும் அந்த மேனேஜர், சின்னச் சின்னக் கம்ப்யூட்டர் விளையாட்டுகளின் புரோகிராம்களை வரிவரியாக அச்சடித்த புத்தகத்தை ஆளுக்கொன்று நீட்டினார்.

"இதைப் பாத்து அடிங்க. அடிக்க அடிக்கத் தானா வந்துரும். பொங்கல் கழிச்சுச் சோதிக்கறேன்."

அடிப்பதற்கா போட்டி? ஆன்மேரிக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. தன் நாற்காலியை யாரும் அசைக்க முடியாது என்று அன்றைக்கே முடிவு கட்டினாள். ஒரே வாரத்தில் புத்தகத்தை அடித்துத் தீர்த்தாள். அத்தனை விளையாட்டும் முதல் தடவையே ஓடின.

வெங்கடேஷ் முதல் விளையாட்டிலேயே மாட்டிக்கொண்டான். ஆப்பிளைத் தின்னத் தின்னப் பாம்பு நீள வேண்டும். அவனுடைய பாம்போ தின்னத் தின்னக் குட்டையாகி, கடைசியில் காணாமலே போனது.

"ஏஞ் சாமி, பாம்புக்குத் தீனி போட்டியா, பட்டினி போட்டியா?" என்று ஆபீஸே திரும்பிப் பார்க்கச் சிரித்தாள்.

அவன் வரிவரியாக விரல் வைத்து முணுமுணுத்துக்கொண்டே போய், கூட்டல் குறி இருக்க வேண்டிய இடத்தில் கழித்தல் அடித்திருந்ததைச் சாயங்காலம்தான் கண்டுபிடித்தான். அடுத்த விளையாட்டில் வேறொரு தப்பு, மறுபடி தேடல். இரண்டு விரலால் கோழி கொத்துகிற மாதிரி அடிக்கும் அந்தத் தண்டத்தைப் பார்ப்பதே ஆன்மேரிக்குப் பொழுதுபோக்காகிவிட்டது. மேனேஜரிடமும் போய் வத்தி வைத்தாள்.

"ஏனுங் சார், அந்தப் பையனோட பாம்பு தின்னாத் தேயுதுங்க. அவன வெச்சுக்கிட்டு நொம்பக் கஷ்டமுங் சார்."

அவரும் விழுந்து விழுந்து சிரித்தார்.

பொங்கல் கழிந்தது. சோதிக்க உட்கார்ந்த மேனேஜருக்கு என்ன கேட்பதென்றே தெரியவில்லை. ஆன்மேரி சொன்ன வேடிக்கைதான் நினைவுக்கு வந்தது. "பாம்பு தின்னாத் தேயற மாதிரி மாத்துங்க, பாக்கலாம்" என்றார் இருவரிடமும்.

வெங்கடேஷ் நேராக ஒரு வரிக்குப் போனான். ஒரு குறியை மாற்றினான். பாம்பு தேய்ந்தது.

ஆன்மேரி திரையை வெறித்தாள். அத்தனையும் அவள் அடித்தவைதான். ஒரு வரியைக்கூட அவள் படித்ததில்லை. எந்த வரியில் பாம்பு வளர்கிறது? விரலுக்காவது தெரியும் என்று முதலிலிருந்து முழுவதையும் மறுபடி அடித்தாள். பாம்பு முன்பு போலவே கொழுகொழுவென்று வளர்ந்தது. மேனேஜர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

சாயங்காலம், களத்துக்குப் போவதற்காகத் தன் மேசையைக் காலிசெய்யும்போது வெட்கத்தை விழுங்கிக்கொண்டு வெங்கடேஷிடம் கேட்டாள். "எப்புடிப்பா கண்டுபுடிச்ச?"

"தப்பா அடிச்சு அடிச்சுத்தானுங்கக்கா. நீங்களும் எங்கயாச்சும் ஒண்ணத் தப்பா அடிச்சுப் பாருங்க, என்ன ஆவுதுன்னு தெரியும்."

அவன் கிண்டல் செய்யவில்லை. அதுதான் அவளுக்கு ஆத்திரமாக இருந்தது. அவன் போனதும் உட்கார்ந்து, வேண்டுமென்றே ஒரு குறியைத் தப்பாக அடித்தாள். அடித்த மறுகணமே அவளைக் கேட்காமல் சுண்டுவிரல் போய் அதை அழித்துவிட்டது. மறுபடி அடித்தாள். மறுபடியும் அழித்தது. இத்தனை வருடம் பெருமையடித்துக்கொண்ட அந்த விரல்களை அவள் அருவருப்போடு பார்த்தாள்.