அறுபது மீட்டர் பொறாமை

போன செவ்வாய்க்கிழமை நான் ஒரு காரியம் செய்தேன். செய்தேன் என்பதைவிட, வாயை மூடிக்கொண்டு நின்றேன் என்பதுதான் சரி.

இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து படிக்கிறவர்களுக்குத் தெரியும் – எனக்குச் சோறு போடுவது எழுத்து இல்லை, கேபிள். கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டைக் கம்பெனிகளுக்குப் போகிற ஃபைபர் லைன் அறுந்தால், எங்கே அறுந்தது என்று தேடிப்பிடிப்பது எங்கள் டீமின் வேலை. அதே டீமில் ஸ்டெல்லாவும் இருக்கிறார். இருவரும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள்தான். ஆனால் லைன் போனால் ஆபீஸ் தேடுவது யாரை? ஸ்டெல்லாவை. அவர் போன் பிஸியாக இருந்தால் என்னைக் கூப்பிட்டு, மேடம் பக்கத்தில் இருக்கிறாரா என்று கேட்பார்கள். வயிறு எரியுமா, எரியாதா?

செவ்வாய் காலை ஒரு கம்பெனிக்கு லைன் போய்விட்டது. நெட் இல்லாமல் கேட்டில் பில் போட முடியவில்லை. சரக்கு ஏற்றிய லாரிகள் டீக்கடை வரை வரிசை கட்டி நின்றன.

ஸ்டெல்லா மெஷினை மாட்டினார். கேபிளுக்குள் வெளிச்சத்தை அனுப்பி, அது திரும்பி வருகிற நேரத்தை வைத்து, எத்தனையாவது மீட்டரில் அறுந்திருக்கிறது என்று மெஷின் சொல்லிவிடும். ஸ்டெல்லா மேப்பைப் பார்த்தார், ரோட்டோரம் அளந்தார், ஓர் இடத்தைக் காட்டினார். ஆட்கள் தோண்ட ஆரம்பித்தார்கள்.

அந்த இடம் தப்பு என்று எனக்குத் தெரியும்.

எப்படி? மெஷின் அளப்பது கேபிளின் நீளத்தை, ரோட்டின் நீளத்தை அல்ல. பின்னால் உதவும் என்று வழியில் உள்ள மூடி போட்ட குழிகளில் கொஞ்சம் கேபிளைச் சுருட்டி வைப்போம். எவ்வளவு என்று மேப்பில் எழுத வேண்டும். அந்த லைனைப் போட்டவன் நான். மிச்சமிருந்த அறுபது மீட்டரை வெட்டச் சோம்பல்பட்டு, மூன்றாவது குழியில் சுருட்டிப் போட்டேன். எழுத மறந்தேன். ஆக, அறுந்த இடம் அவர்கள் தோண்டுகிற இடத்துக்கு அறுபது மீட்டர் முன்னாலேயே இருக்கிறது.

சொல்லியிருக்கலாம். ஒரே ஒரு வாக்கியம்... ஆனால் மேடமும் ஒருநாள் அசடு வழியட்டுமே என்று இருந்தது.

இரண்டு மணி நேரம் போனது. தோண்டிய பள்ளம் இடுப்பளவு இறங்கிவிட்டது. கேபிளுக்கு ஒரு கீறல்கூட இல்லை. ஒரு லாரி டிரைவர் என்னிடம் வந்தார்.

"காலைலேர்ந்து நாஷ்டா கூட துன்னல சார். இன்னா சார், எப்போ உடுவாங்க?"

தேடிக்கொண்டிருக்கிறார்கள் என்றேன். அப்போதும் சொல்லவில்லை, பாருங்கள்.

ஸ்டெல்லா தோண்டுவதை நிறுத்தச் சொன்னார். ஒவ்வொரு குழியின் மூடியாகத் திறந்து, சுருளை டேப் வைத்து அளந்தார். மூன்றாவதில் ரொம்ப நேரம் குனிந்திருந்தார். பிறகு தோண்டிய இடத்திலிருந்து அறுபது மீட்டர் திரும்பி வந்து தோண்டச் சொன்னார். எலி கடித்த கேபிள் வெளியே வந்தது. மத்தியானத்துக்குள் லாரிகள் நகர்ந்தன. ஆபீஸிலிருந்து ஒரே பாராட்டு... அவருக்குத்தான்.

எல்லோரும் போனதும் என்னிடம் வந்தார். கையில் அந்தச் சுருளில் கட்டியிருந்த பிளாஸ்டிக் டேக். அதில் என் கையெழுத்து, என் பெயர்.

"மேப்ல சேத்துட்டேண்ணா. யாரு உட்டதுன்னு எழுதல" என்றார். டேக்கை என் கையில் வைத்தார். "காலைல உங்களுக்கு ஞாபகம் வரலன்னு நெனச்சிக்கிறேன்."

போய்விட்டார்.

அவர் கத்தியிருக்கலாம். மேலே புகார் கொடுத்திருக்கலாம். அப்படிச் செய்திருந்தால் அவரைப் பற்றி நாலு பேரிடம் குறை சொல்ல எனக்கும் ஒரு விஷயம் கிடைத்திருக்கும்.

அதைக்கூடத் தரமாட்டேன் என்கிறாரே!